2065-க்குப் போய் வந்த பேராசிரியர்!



2065-ஆம் ஆண்டில் உங்களுக்கு என்ன வயது இருக்கும்? ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏறத்தாழ ஐம்பது வரும். தலையில் நாலைந்து நரைமுடி எட்டிப் பார்க்கும். இன்று உங்களை அதட்டும் அப்பா, அம்மாவைப் போல நீங்களும் யாரையாவது அதட்டிக்கொண்டு இருப்பீர்கள்!

அந்த 2065-ஆம் ஆண்டு எப்படி இருக்கும் என்று ஒருவர் கற்பனை செய்து பார்த்தார். எப்போது தெரியுமா? 1865-ஆம் ஆண்டில்! சரியாக 200 ஆண்டுகளைத் தாண்டி ஒரே தாவாகத் தாவினார். அப்போது மின்விளக்கு வீடுகளுக்கு வரவில்லை. மோட்டார் கார் இல்லை. விமானம் இல்லை. தொலைபேசியும் விற்பனைக்கு வந்திருக்கவில்லை. ஆனாலும் அவர் தைரியமாக எழுதினார்.

அவர் பெயர் பீட்டர் ஹார்டிங். நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்தவர். அவர் எழுதிய புத்தகம் டச்சு மொழியின் தொடக்ககால அறிவியல் புனைகதைகளில் ஒன்று. ஆனால் அவர் முழுநேரக் கதாசிரியர் அல்லர். மருத்துவர், பேராசிரியர், விஞ்ஞானி. வாழ்நாளின் பெரும்பகுதியை நுண்ணோக்கிக்கு முன்னால் கழித்தவர். அவருடைய கதையைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

துறைமுக நகரத்துப் பிள்ளை

பீட்டர் ஹார்டிங் 1812-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் நாள் ராட்டர்டாம் நகரில் பிறந்தார். அது பெரிய துறைமுக நகரம். அவர் பிறந்தபோது நெதர்லாந்து என்ற தனி நாடே இல்லை! பிரெஞ்சுப் பேரரசர் நெப்போலியன் 1810-இல் அந்த நாட்டைத் தம் பேரரசோடு இணைத்துக்கொண்டிருந்தார். ஹார்டிங் கைக்குழந்தையாக இருந்தபோது, 1813-இல்தான் பிரெஞ்சு ஆட்சி அங்கே முடிவுக்கு வந்தது.

நெதர்லாந்து விசித்திரமான நாடு. அதன் நிலப்பரப்பில் சுமார் கால் பங்கு கடல் மட்டத்தைவிடத் தாழ்வாக இருக்கிறது. கரை கட்டி, காற்றாலைகளால் நீரை இறைத்து வெளியேற்றி, அந்த மக்கள் நிலத்தைக் காப்பாற்றி வந்தார்கள். தண்ணீரும் மண்ணும் அங்கே எல்லாருக்கும் அன்றாடக் கவலை. ஹார்டிங்கின் வாழ்க்கையிலும் இந்த இரண்டும் திரும்பத் திரும்ப வரப்போகின்றன.

அவர் சிறுவனாக இருந்தபோது ஊர்விட்டு ஊர் போவதற்கு, கால்வாயில் குதிரை இழுத்துச் செல்லும் படகுகள் இருந்தன. கரையில் குதிரை மெல்ல நடக்கும். கயிற்றில் கட்டிய படகு பின்னாலேயே நகரும். நெதர்லாந்தின் முதல் ரயில் 1839-இல் ஆம்ஸ்டர்டாமுக்கும் ஹார்லெமுக்கும் இடையே ஓடியபோது ஹார்டிங்குக்கு வயது 27. குதிரைப் படகிலிருந்து ரயிலுக்கு மாறிய தலைமுறை அது. உலகம் எவ்வளவு வேகமாக மாறக்கூடும் என்பதை அவர் தம் கண்ணாலேயே பார்த்தார்.

சூனியக்காரி எடை போட்ட ஊர்

ஹார்டிங் உட்ரெக்ட் நகரில் மருத்துவம் படித்தார். 1835-இல் பட்டம் பெற்று, ஊடவாட்டர் என்னும் சிற்றூரில் மருத்துவராகப் பணியாற்றத் தொடங்கினார்.

இந்த ஊடவாட்டர் சாதாரண ஊர் அல்ல. அங்கே ஒரு பழைய எடைமனை இருக்கிறது. பல நூற்றாண்டுகளுக்கு முன்பு ஐரோப்பாவில் அப்பாவிப் பெண்கள் பலரைச் சூனியக்காரிகள் என்று சொல்லித் தண்டித்தார்கள். சூனியக்காரி காற்றில் பறப்பாள். ஆகவே அவள் உடல் எடையே இல்லாமல் லேசாக இருக்கும் என்று நம்பினார்கள். என்ன மூடநம்பிக்கை பாருங்கள்! ஊடவாட்டர் எடைமனையில் மட்டும் தராசு நேர்மையாக இருந்தது. சந்தேகத்துக்கு ஆளானவர்கள் தொலைவிலிருந்து அங்கே வந்து தராசில் ஏறி நிற்பார்கள். அவர்களின் எடை சரியாகத்தான் இருக்கும். அதற்கு ஒரு சான்றிதழும் தருவார்கள். அந்தக் காகிதம் உயிரைக் காப்பாற்றும்.

பயத்தையும் வதந்தியையும் ஒரு சரியான அளவீடு தோற்கடித்த ஊர் அது. அங்கேதான் ஹார்டிங் ஆறு ஆண்டுகள் மருத்துவராக இருந்தார். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக, மீதி நேரத்தில் நுண்ணோக்கியோடு உட்கார்ந்துவிடுவார். கண்ணுக்குத் தெரியாதவற்றை அளந்து, வரைந்து, குறித்து வைப்பது அவருக்குப் பழக்கமாகிவிட்டது.

கூடத்துக்குள் ஒரு வானம்

1841-இல் அவருக்குப் பேராசிரியர் வேலை கிடைத்தது. நாட்டின் வடக்கே இருக்கும் பிரானக்கர் என்ற ஊரில் பணி.

அந்த ஊரிலும் ஓர் அதிசயம் உண்டு. அங்கே ஐசே ஐசிங்கா என்பவர் வாழ்ந்தார். ஆட்டு ரோமத்தைச் சீவிச் சீர்செய்வது அவர் தொழில். அவர் 1774 முதல் 1781 வரை ஏழு ஆண்டுகள் உழைத்து, தம் வீட்டுக் கூடத்தின் கூரையிலேயே சூரியக் குடும்பத்தை அமைத்தார். மரப் பற்சக்கரங்களும் ஆணிகளும் எடைக்கற்களும் சேர்ந்து கோள்களை உண்மையான வேகத்தில் சுற்ற வைக்கின்றன. சனிக்கோள் ஒரு சுற்று முடிக்க ஏறத்தாழ 29 ஆண்டுகள் ஆகும்! அந்தக் கோளரங்கம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2023-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

ஹார்டிங் பிரானக்கரில் இரண்டே ஆண்டுகள்தாம் இருந்தார். 1843-இல் அங்கிருந்த உயர்கல்வி நிலையத்தையே அரசு மூடிவிட்டது. அதே ஆண்டில் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராக வந்தார். தாம் படித்த நகரத்துக்கே ஆசிரியராகத் திரும்பினார். அதன்பின் அவர் வாழ்க்கை உட்ரெக்டோடு பின்னிப் பிணைந்தது.

சின்னதுதான்... ஆனால் பெரியது!

நுண்ணோக்கி என்றால் நெதர்லாந்துக்காரர்களுக்குப் பெருமை அதிகம். டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி ஆன்டனி வான் லீவன்ஹூக் 1670-களில், தாமே செய்த சின்னஞ்சிறு கண்ணாடி வில்லை வழியாகத் தண்ணீரைப் பார்த்து, அதில் நீந்தும் நுண்ணுயிரிகளைக் கண்டறிந்தார் அல்லவா? அவர் செய்த நுண்ணோக்கிகளில் ஒன்று உட்ரெக்டில் பத்திரமாக இருந்தது. ஹார்டிங் அதை எடுத்து அளந்து பார்த்தார். அது ஒரு பொருளை ஏறத்தாழ 270 மடங்கு பெரிதாக்கிக் காட்டுவதைக் கண்டு சொன்னார். ஒற்றை வில்லை, அதற்குள் அவ்வளவு திறமை! இன்றும் லீவன்ஹூக் பற்றி எழுதுபவர்கள் அந்த எண்ணைக் குறிப்பிடுகிறார்கள்.

நுண்ணோக்கி எப்படி வேலை செய்கிறது, எப்படிப் பயன்படுத்துவது, அதன் வரலாறு என்ன என்பதையெல்லாம் சேர்த்து ஹார்டிங் பல தொகுதிகள் கொண்ட பெரிய நூலை எழுதினார். அது 1848 முதல் வெளிவந்தது. பிறகு ஜெர்மன் மொழியிலும் வந்து புகழ் பெற்றது.

1849-இல் இன்னொரு புத்தகம் எழுதினார். சின்னவற்றின் சக்தி என்பது அதன் தலைப்பின் பொருள். அதில் என்ன சொன்னார் தெரியுமா?

இங்கிலாந்தின் டோவர் கடற்கரையில் வெள்ளை வெளேர் என்று மலைபோல் நிற்கும் சீமைச்சுண்ணாம்புப் பாறைகளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அவை எதனால் ஆனவை? கண்ணுக்கே தெரியாத கடல் உயிரினங்களின் ஓடுகளால்! அவை இறந்த பிறகு ஓடுகள் கடலடியில் போய் விழுகின்றன. கோடி கோடியாக, ஆண்டாண்டு காலமாக விழுந்து, படிந்து, இறுகி, ஒரு மலையே உருவாகிவிடுகிறது. ஓர் உயிர் எவ்வளவு சிறியது என்பது முக்கியமல்ல. எத்தனை சேர்கின்றன, எவ்வளவு காலம் சேர்கின்றன என்பதுதான் முக்கியம். சிறுதுளி பெருவெள்ளம் என்று நாம் சொல்வதும் இதைத்தானே!

பிற்காலத்தில் அவர் செய்த ஒரு சோதனையும் சுவையானது. சிப்பியின் ஓடு எப்படி உருவாகிறது என்று அறிய விரும்பினார். முட்டையின் வெள்ளைக்கருவில் சுண்ணாம்புச் சத்துள்ள உப்புகளை மெதுவாகக் கலக்கவிட்டுக் காத்திருந்தார். அதில் அழகான சின்னச் சின்ன உருண்டைகள் உருவாயின. நுண்ணோக்கியில் பார்த்தால் அவை சிப்பி ஓடுகளில் காணப்படும் உருவங்களைப் போலவே இருந்தன! உயிரினங்கள் தம் ஓட்டைக் கட்டும்போது வேதியியல் விதிகளும் கைகொடுக்கின்றன என்பதை இது காட்டியது. இந்த ஆய்வை அவர் 1872-இல் வெளியிட்டார்.

எல்லாருக்கும் அறிவியல்

ஹார்டிங்குக்கு ஒரு கொள்கை இருந்தது. அறிவியல் என்பது பல்கலைக்கழகச் சுவருக்குள் பூட்டி வைப்பதற்கு உரியது அல்ல. கடைக்காரருக்கும், பள்ளி ஆசிரியருக்கும், வீட்டில் இருப்பவர்களுக்கும் அது போய்ச் சேரவேண்டும். அதற்காகவே 1852-இல் நண்பர்களோடு சேர்ந்து, எளிய டச்சு மொழியில் ஓர் அறிவியல் இதழைத் தொடங்கினார். இயற்கைத் தொகுப்பு என்று பொருள்படும் பெயர் அதற்கு. விலங்குகள், விண்மீன்கள், பாறைகள், இயந்திரங்கள் என எல்லாவற்றையும் பற்றி அதில் கட்டுரைகள் வந்தன.

அக்காலப் பேராசிரியர்கள் சிலர், பொதுமக்களுக்கு எழுதுவது தம் தகுதிக்குக் குறைவு என்று நினைத்தார்கள். ஹார்டிங் அப்படி நினைக்கவில்லை. கடினமான ஒன்றை எளிமையாகச் சொல்ல முடியாவிட்டால், அதை நாமே சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்றுதானே பொருள்?

இப்படி எழுதி எழுதிப் பழகிய கைதான் ஒருநாள் கதை எழுதவும் உட்கார்ந்தது.

யார் இந்த டாக்டர் டயாஸ்கரிடிஸ்?

1865-இல் நெதர்லாந்தில் ஒரு சிறு புத்தகம் வெளிவந்தது. தலைப்பு, 'ஆண்டு 2065'. எதிர்காலத்தின் மீது ஒரு பார்வை என்பது அதன் துணைத்தலைப்பு. எழுதியவர் பெயர் டாக்டர் டயாஸ்கரிடிஸ் என்று போட்டிருந்தது.

டயாஸ்கரிடிஸ் என்பவர் உண்மையில் முதல் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர். மூலிகைகளைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர். செத்து 1800 ஆண்டுகள் ஆனவர் எப்படி எதிர்காலக் கதை எழுதுவார்? அது புனைபெயர்! அந்தப் பெயருக்குப் பின்னால் ஒளிந்திருந்தவர் நம் பேராசிரியர் ஹார்டிங்தான்.

கதை இப்படித் தொடங்குகிறது. கதை சொல்பவர் ரோஜர் பேகனைப் பற்றி யோசித்துக்கொண்டு இருக்கிறார். பேகன் 13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆங்கிலத் துறவி. துடுப்புப் போடுவோர் இல்லாமல் ஓடும் கப்பலும், மாடும் குதிரையும் இழுக்காமல் ஓடும் வண்டியும், வானில் பறக்கும் பொறியும் செய்ய முடியும் என்று அந்தக் காலத்திலேயே எழுதிவைத்தவர். அவர் சொன்னவற்றில் நீராவிக் கப்பலும் ரயிலும் வந்துவிட்டனவே, இனி இன்னும் 200 ஆண்டுகளில் என்னவெல்லாம் வருமோ என்று எண்ணியபடியே கதை சொல்பவர் கனவில் ஆழ்ந்துவிடுகிறார்.

கண் திறந்தால், முன்பின் தெரியாத ஒரு மாபெரும் நகரம்! அதன் பெயர் லண்டினியா. பழைய லண்டன் நகரம் அதன் ஒரு பகுதி மட்டுமே. அங்கே அவருக்கு வழிகாட்ட இருவர் வருகிறார்கள். ஒருவர் அதே ரோஜர் பேகன்! இன்னொருவர் ஒரு பெண், பெயர் ஃபேன்டேசியா. கற்பனை என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். அறிவு ஒரு கையையும் கற்பனை மறுகையையும் பிடித்துக்கொண்டு கூட்டிச் செல்வதுபோல ஹார்டிங் கதையை அமைத்திருக்கிறார். அழகான யோசனை அல்லவா?

நகரத்துக் கடிகாரத்தில் மூன்று வகை நேரங்கள் தெரிகின்றன. அவற்றில் ஒன்று உலகம் முழுவதற்குமான பொது நேரம். பசிபிக் பெருங்கடலில் இருக்கும் அலூசியன் தீவுகளைத் தொடக்கமாக வைத்து அதைக் கணக்கிடுகிறார்கள். நகரத்தின் மேலே கண்ணாடிக் கூரை. வெளியே கடும் குளிர். உள்ளே இதமான வெப்பம். ஒளிப்படங்கள் இயற்கையான வண்ணங்களோடு மின்னுகின்றன. எங்கோ நடக்கும் இசை நிகழ்ச்சியைக் கம்பி வழியாகப் பலர் கேட்டு ரசிக்கிறார்கள். பெரிய வான்கப்பலில் பயணிகள் நாடு விட்டு நாடு போகிறார்கள். இவர்களும் அதில் ஏறிக்கொள்கிறார்கள். பயணத்தின் முடிவில் கதை சொல்பவர் விழித்துக்கொள்கிறார். எல்லாம் கனவு!

புத்தகம் பரபரப்பாகப் பேசப்பட்டது. மற்ற மொழிகளுக்கும் போனது. 1871-இல் ஆங்கிலத்தில் வந்தபோது, 200 ஆண்டுக் கணக்கு தப்பக்கூடாது என்று, தலைப்பில் இருந்த ஆண்டை 2071 என்று மாற்றிவிட்டார்கள்!

இன்னொரு வியப்பும் உண்டு. பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன், மனிதர்கள் நிலவுக்குப் புறப்படும் நாவலை எழுதி வெளியிட்டதும் இதே 1865-இல்தான். வெர்ன் வீரதீரக் கதைகளை எழுதினார். ஹார்டிங் எழுதியதோ ஓர் ஊர்சுற்றல். அதில் துப்பாக்கிச் சண்டை இல்லை, வில்லன் இல்லை. கேள்விகள் மட்டுமே உண்டு.

பாஸா? ஃபெயிலா?

சரி, இப்போது நாம் ஆசிரியராகி, ஹார்டிங்கின் விடைத்தாளைத் திருத்துவோமா?

உலகப் பொது நேரம்: சரியான விடை! அந்தக் காலத்தில் ஒவ்வோர் ஊரும் தன் தலைக்கு மேல் சூரியன் வரும் நேரத்தை நண்பகலாக வைத்துக்கொண்டது. பக்கத்து ஊரில் கடிகாரம் வேறு நேரம் காட்டும். ரயிலும் தந்தியும் வந்தபிறகு இது பெரிய குழப்பமானது. 1884-இல் வாஷிங்டனில் பல நாடுகளின் பிரதிநிதிகள் கூடி, கிரீன்விச் நகரத் தீர்க்கரேகையை உலகக் கணக்குக்கு அடிப்படையாக ஏற்றார்கள். ஹார்டிங் அப்போது உயிரோடு இருந்தார். வேடிக்கை என்னவென்றால், அவருடைய சொந்த நாடு கிரீன்விச்சைவிட ஏறத்தாழ 20 நிமிடம் முந்தி இருக்கும் தனி நேரத்தை 1940 வரை வைத்துக்கொண்டிருந்தது!

கம்பி வழியே ஒலி: சரியான விடை. ஜெர்மனியில் ஃபிலிப் ரெய்ஸ் என்ற ஆசிரியர் 1861-இல் இதற்கான தொடக்கக் கருவி ஒன்றைச் செய்து காட்டியிருந்தார். 1876-இல் கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றார்.

வண்ண ஒளிப்படம்: இதுவும் சரி. 1907-இல் வண்ணப் படம் எடுக்கும் தகடுகள் பிரான்சில் விற்பனைக்கு வந்தன.

வான்பயணம்: பாதி மதிப்பெண் கொடுக்கலாம். மனிதர்கள் வானில் நாடு விட்டு நாடு போவார்கள் என்பது சரி. ஆனால் நாம் இன்று போவது பலூனில் அல்ல. 1903-இல் ரைட் சகோதரர்கள் பறக்கவிட்ட விமானத்தின் வாரிசுகளில்தான் போகிறோம்.

நகரம் முழுவதற்கும் கண்ணாடிக் கூரை: இன்னும் இல்லை. 2065-க்குக் கொஞ்சம் நாள் இருக்கிறது, பார்ப்போம்!

இன்னொரு விடை பாக்கி இருக்கிறது. அதுதான் முக்கியமானது. ஹார்டிங்கின் கனவு உலகில் போர்கள் ஓய்ந்துவிட்டன. நாடுகளுக்கிடையே சுங்கத் தடைகள் இல்லை. தாராளமாக வணிகம் நடக்கிறது. மக்கள் எளிதாகப் பயணம் செய்து ஒருவரை ஒருவர் அறிந்துகொண்டதால் பகை குறைந்துவிட்டது.

குழந்தைகளே, இங்கேதான் அவர் பெரிதாகத் தவறிவிட்டார். அவர் எழுதி 49 ஆண்டுகளில் முதல் உலகப் போர் மூண்டது. அடுத்து இரண்டாம் உலகப் போர். 1940-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள், ஜெர்மன் விமானங்கள் ராட்டர்டாம் நகரின் மீது குண்டு வீசின. நகரின் நடுப்பகுதி எரிந்து போனது. ஏறத்தாழ 80,000 பேர் வீடிழந்தார்கள். அது ஹார்டிங் பிறந்த ஊர்! எந்த வான்பயணம் மனிதர்களை நண்பர்களாக்கும் என்று அவர் நம்பினாரோ, அதே வானிலிருந்துதான் குண்டுகள் விழுந்தன.

கருவிகள் எப்படி வளரும் என்பதை அவர் பெரும்பாலும் சரியாக ஊகித்தார். அவற்றை வைத்து மனிதர்கள் என்ன செய்வார்கள் என்பதில்தான் தவறினார். நல்ல கருவி கைக்கு வந்துவிட்டால் மனிதர்களும் தானாகவே நல்லவர்களாகிவிடுவார்கள் என்பது உண்மையல்ல. அதற்குத் தனியாக முயற்சி வேண்டும்.

காலடியில் ஒரு கடல்

எதிர்காலத்தைக் கனவு கண்ட ஹார்டிங், கடந்த காலத்தையும் தோண்டிப் பார்த்தார். நிஜமாகவே தோண்டித்தான்!

ஆம்ஸ்டர்டாம் நகரம் சேற்று நிலத்தில், லட்சக்கணக்கான மரக்கட்டைகளை ஊன்றி, அவற்றின் மேல் கட்டிய நகரம். அங்குள்ள அரண்மனை ஒன்றுக்கு மட்டும் 13,659 மரக்கட்டைகள் ஊன்றியதாகச் சொல்வார்கள். அந்த நகரத்துக்கு அடியில் என்ன இருக்கிறது? நிலத்தில் ஆழமாகத் துளையிட்டு எடுத்த மண் மாதிரிகளை ஹார்டிங் நுண்ணோக்கியில் ஆராய்ந்து 1852-இல் ஒரு நூல் எழுதினார்.

பிறகு உட்ரெக்டுக்கு அருகில் இருக்கும் அமர்ஸ்ஃபோர்ட் நகரப் பக்கம் போனார். அங்கே ஈம் என்று ஒரு சிறு ஆறு ஓடுகிறது. அந்தப் பள்ளத்தாக்கின் அடிமண்ணில் கடல் சிப்பிகள் கிடைத்தன. கடற்கரையே இல்லாத ஊரில் கடல் சிப்பி! அதுமட்டுமல்ல. அவற்றில் சில, வெப்பமான மத்தியதரைக் கடலில் வாழும் வகையைச் சேர்ந்தவை. அப்படியானால் ஒரு காலத்தில் கடல் அதுவரை வந்திருக்கிறது. அந்தக் கடல் இன்றைய கடலைவிட வெதுவெதுப்பாகவும் இருந்திருக்கிறது! 1870-களின் நடுவில் ஹார்டிங் அந்த மண் அடுக்குக்கு, ஈம் ஆற்றின் பெயரால் ஈமியன் என்று பெயர் சூட்டினார்.

அந்தக் காலம் சுமார் 1,30,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, 1,15,000 ஆண்டுகளுக்கு முன் முடிந்தது என்று பிற்கால விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். அப்போது கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 6 முதல் 9 மீட்டர் வரை உயரமாக இருந்தது. இரண்டு, மூன்று மாடி உயரம்! இங்கிலாந்தின் தேம்ஸ் ஆற்றில் நீர்யானைகள் நீந்தின!

இப்போது பூமி மீண்டும் சூடாகி வருகிறது. பனி உருகினால் கடல் எவ்வளவு உயரும்? இதை அறிய விஞ்ஞானிகள் முதலில் புரட்டிப் பார்ப்பது ஈமியன் காலத்தைத்தான். 2008 முதல் 2012 வரை கிரீன்லாந்தில் 2.5 கிலோமீட்டர் ஆழத்துக்குப் பனியைத் துளைத்து, அந்தக் காலத்துப் பனியை வெளியே எடுத்தார்கள். அந்தத் திட்டத்தின் பெயரிலேயே ஈமியன் என்ற சொல் இருந்தது!

வேடிக்கையைப் பாருங்கள். எதிர்காலத்தைச் சொல்வதற்காக அவர் எழுதிய கதைப் புத்தகத்தை இன்று வெகு சிலரே படிக்கிறார்கள். ஆனால் கடந்த காலத்துக்கு அவர் வைத்த பெயர், எதிர்காலத்தைக் கணிக்கும் விஞ்ஞானிகளின் வாயில் தினமும் வருகிறது.

கருத்தை மாற்றிக்கொள்ளத் தயங்காதவர்

உயிரினங்கள் மெல்ல மெல்ல மாறியே இன்றைய வடிவங்களை அடைந்தன என்று சார்லஸ் டார்வின் 1859-இல் எழுதினார். அதை எதிர்த்தவர்கள் பலர். நெதர்லாந்தில் அந்தக் கருத்தை ஏற்றுக்கொண்ட முன்னணி விஞ்ஞானிகளுள் ஹார்டிங்கும் ஒருவர். நல்ல சான்று கிடைத்தால் பழைய எண்ணத்தை விட்டுவிட அவர் வெட்கப்படவில்லை.

முதுமையில் அவர் அரசியல் விஷயம் ஒன்றிலும் இறங்கினார். தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் பகுதியில், நெதர்லாந்திலிருந்து முன்பு போய்க் குடியேறியவர்களின் வழிவந்த போயர் மக்கள் ஆட்சி நடத்தி வந்தார்கள். 1877-இல் பிரிட்டன் அதைத் தன் ஆட்சியின்கீழ்க் கொண்டுவந்தது. 1880-இன் இறுதியில் போர் வெடித்தது. அப்போது 68 வயதான ஹார்டிங், போயர்களின் விடுதலையைத் திருப்பித் தருமாறு பிரிட்டிஷ் மக்களுக்கு வேண்டுகோள் எழுதி, ஏராளமானோரிடம் கையொப்பம் திரட்டினார். நன்றிக்கடனாக அங்கே ஓர் ஊருக்கு 1882-இல் ஹார்டிங்ஸ்பர்க் என்று அவர் பெயரை வைத்தார்கள். இன்று அந்த ஊரின் பெயர் பேலா பேலா.

ஒன்றையும் மறக்காமல் சொல்லவேண்டும். விடுதலை கேட்ட போயர்கள், அந்த மண்ணின் மைந்தர்களான கறுப்பின மக்களுக்குச் சம உரிமை தரவில்லை. தொலைவிலிருந்து பார்த்த ஹார்டிங்கும் அவர் காலத்து ஐரோப்பியர் பலரும் அந்த மக்களின் விடுதலையைக் கணக்கில் சேர்க்கவில்லை. 200 ஆண்டு தொலைவைப் பார்க்க முயன்றவருக்கும், தம் காலத்திலேயே கண்ணுக்குப் படாத இடம் ஒன்று இருந்தது.

1882-இல் ஹார்டிங் பேராசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். 1885-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள், ஈம் ஆறு ஓடும் அதே அமர்ஸ்ஃபோர்ட் நகரில் காலமானார். அப்போது அவருக்கு வயது 73.

இனி உங்கள் முறை!

ஹார்டிங்கால் 2065-ஐக் கனவில் மட்டுமே பார்க்க முடிந்தது. நீங்களோ அதை நேரிலேயே பார்க்கப் போகிறீர்கள்! அவருடைய விடைத்தாளில் மீதி இருக்கும் மதிப்பெண்களைப் போடவேண்டியவர்களும் நீங்கள்தாம். போர் இல்லாத உலகம் என்ற அந்தத் தவறான விடையைச் சரியான விடையாக மாற்றும் வாய்ப்பும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். ஒரு தாளில், 2065-இல் உங்கள் தெரு எப்படி இருக்கும் என்று பத்து வரிகள் எழுதுங்கள். என்ன வண்டி ஓடும், என்ன விளக்கு எரியும் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அந்தத் தெருவில் மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பழகுவார்கள் என்பதையும் எழுதுங்கள். தேதி போட்டு, உறையில் வைத்து ஒட்டி, பத்திரமாக வைத்துவிடுங்கள்.

2065 ஜனவரி முதல் நாள் அதைப் பிரித்துப் படியுங்கள். படிக்கும்போது, குதிரைப் படகில் பயணம் செய்து வளர்ந்த ஒரு பேராசிரியர், நீங்கள் வாழப்போகும் ஆண்டைப் பற்றி ஆசையாக யோசித்தாரே, அவரையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்!